பழைய பிரெஞ்சு வெள்ளித் திருப்பலிக் கிண்ணம்: எந்தக் காலத்தது யாருக்கு ஏற்றது?

குருப்பட்டம் பெறப்போகும் பிள்ளைக்குப் பழைய பிரெஞ்சு வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் எந்தக் காலத்ததை எடுப்பது? பிரான்சில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஏலப் பட்டியலைத் திறந்தால் ஐந்து வகைக் கிண்ணங்கள் கண்ணில் படும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தியது, நெப்போலியன் காலத்தை ஒட்டியது, எனாமலும் கல்லும் பதித்த கோதிக் பாணியிலானது, கிண்ணம் மட்டும் வெள்ளியாகவும் பாதம் பித்தளையாகவும் இருப்பது, 1920களுக்குப் பிந்தைய நவீன வடிவம். படத்தில் எல்லாமே பளபளக்கும். விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று பல மடங்கு மாறும்.

எதை வாங்கினாலும் முதலில் ஒன்றை முடிவுசெய்துவிடுங்கள். அந்தக் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றித் திருப்பலி நடக்கப்போகிறதா, இல்லை அது பாதுகாத்து வைக்கும் பொருளா? பழம்பொருளின் மதிப்பைக் கூட்டும் பல அம்சங்கள் பலிபீடத்தில் இடைஞ்சலாகும். பலிபீடத்துக்கு அவசியமான வேலைகள் சில, பழம்பொருளின் மதிப்பைக் குறைத்துவிடும். தேய்ந்துபோன பழைய முலாமைச் சேகரிப்பாளர் தொடவே விடமாட்டார். குருவானவரோ அதைப் புதுப்பிக்காமல் பயன்படுத்தக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் நிறைவேற்றப் பார்ப்பவர்கள்தான் அதிகமாகப் பணம் இழக்கிறார்கள்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

எங்கிருந்து வந்தது. விலையைவிட இதை முதலில் கேட்க வேண்டும். பிரான்சில் 1905 டிசம்பர் 9 அன்று அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தது. அதன் விளைவாக, அதற்கு முன் பங்குக் கோவில்களில் இருந்த பாத்திரங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சிக்குச் சொந்தமாயின. பேராலயங்களில் இருந்தவை அரசுக்குச் சொந்தமாயின. 1906-இல் கோவில் கோவிலாகப் போய்ப் பட்டியலும் எடுத்தார்கள். பொதுச் சொத்தை விற்க முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும் திரும்பக் கேட்கலாம், நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அதனால் கிண்ணத்தின் அடியில் ஊர்ப் பெயரோ கோவில் பெயரோ பொறித்திருந்தால், அது எப்படி வெளியே வந்தது என்பதற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். குருவானவர் ஒருவரின் பெயரும் குருப்பட்டத் தேதியும் இருந்தால் ஓரளவு நிம்மதி. குடும்பத்தார் அவருக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்த பரிசாக அது இருந்திருக்கலாம். பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தின் பலிசி தரவுத்தளத்திலும், இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

உள்பக்கத் தங்கம். தங்கத்தைவிடத் தாழ்ந்த உலோகத்தால் செய்த கிண்ணத்துக்கு உள்பக்கம் பொதுவாகத் தங்க முலாம் பூசியிருக்க வேண்டும் என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் சொல்கின்றன. வெள்ளிக்கும் இது பொருந்தும்.

முத்திரைகள். பிரெஞ்சு வெள்ளியைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினமில்லை. 1797-ஆம் ஆண்டுச் சட்டம் ஆயிரத்துக்கு 950, 800 என்று இரண்டு தரங்களை வைத்தது. 1819 முதல் 1838 வரை முதியவர் தலை முத்திரை. 1838 மே மாதத்திலிருந்து தலைக்கவசம் அணிந்த மினெர்வா தேவியின் தலை. பக்கத்தில் 1 என்று இருந்தால் 950, 2 என்று இருந்தால் 800. செய்தவரின் முத்திரை சாய்சதுர வடிவில் இருக்கும். அதுவே நேர்ச் சதுரமாக இருந்தால் அது முலாம் பூசிய பொருள், வெள்ளி அல்ல. அன்னப்பறவை முத்திரை வெள்ளி என்பதற்கு மட்டும்தான் சாட்சி, பிரான்சில் செய்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

உடல் நலம். பெரும்பாலான கிண்ணங்கள் ஒரே துண்டு அல்ல. கிண்ணம், அதைச் சுற்றிய அலங்கார வெளிக்கூடு, நடுக்குமிழ், பாதம் எல்லாம் ஒரு தண்டில் கோக்கப்பட்டு, பாதத்துக்கு அடியில் ஒரு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிக் காட்ட மறுக்கும் வியாபாரியிடம் வாங்காதீர்கள். கழற்றினால்தான் ஒவ்வொரு பகுதியிலும் முத்திரை இருக்கிறதா, ஒரே பட்டறை முத்திரைதானா, ஒரு கிண்ணத்துக்கு வேறொரு பாதத்தை மாட்டியிருக்கிறார்களா என்பது தெரியும். சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று எங்காவது தென்பட்டால் பெரிய எச்சரிக்கை. முலாம் வேலைக்கு முன் அதை முழுவதும் சுரண்டி எடுத்து, முறையாக வெள்ளிப்பொடி வைத்து ஊத வேண்டியிருக்கும். அந்தக் கூலி சில சமயம் கிண்ணத்தின் விலையையே தொட்டுவிடும்.

அலங்காரம். எந்த மறைபொருளைச் சொல்கிறது, எவ்வளவு கூர்மையாக மிஞ்சியிருக்கிறது, கையில் பிடிக்கும்போதும் துடைக்கும்போதும் தாக்குப்பிடிக்குமா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பாதத்தில் இருக்கும் சிலுவை வெறும் அழகுக்கு அல்ல. குருவானவர் எந்தப் பக்கமாகப் பருக வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். பழுதுபார்த்தவர்கள் மாற்றி இறுக்கியிருந்தால் சிலுவையும் வெளிக்கூட்டின் முக்கியச் சித்திரமும் ஒரே நேரில் நிற்காது.

## புரட்சிக்கு முந்தியது (1789 வரை)

மிக அரிதானது இதுதான். போர்ச் செலவுக்காக மன்னர்கள் 1689, 1709, 1759 ஆண்டுகளில் நாட்டின் வெள்ளியை உருக்கக் கேட்டார்கள். அதில் தப்பிய கோவில் வெள்ளிக்கு 1789 நவம்பர் 2 அன்று கெட்ட காலம் வந்தது. அன்று திருச்சபைச் சொத்துகள் தேசத்தின் வசம் என அறிவிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் கிண்ணங்களும் கதிர்ப்பாத்திரங்களும் கூடை கூடையாக நாணயச் சாலைக்குப் போயின. இன்று கிடைப்பவை பெரும்பாலும் யாரோ துணிந்து ஒளித்துவைத்தவை.

அகன்ற வட்டப் பாதம், பேரிக்காய் வடிவக் குமிழ், சம்மனசுகளின் தலைகள், ஆண்டவரின் பாடுகளுக்குரிய ஆணி, சுத்தியல், ஈட்டி, கடற்பஞ்சு, நாணல். பெரும்பாலும் கையால் தட்டி எடுத்த புடைப்பு வேலை. பாரிஸ் வெள்ளி ஆயிரத்துக்குச் சுமார் 958 தரம். செய்தவர், கைவினைச் சங்கம், வரிக்கணக்கில் எடுத்தது, வரி கட்டி முடித்தது என நான்கு முத்திரைகள் இருக்கும். தேர்ந்த கண் இருந்தால் செய்த ஆண்டைக்கூடக் கணிக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு நிபுணர் கூலி. போலி முத்திரைகளும், ஒளித்துவைத்த காலத்தில் கலந்துபோன துண்டுகளும் இந்த வகையில் உண்டு. குறிப்பிட்ட வயதுக்கும் மதிப்புக்கும் மேற்பட்ட பொருளைப் பிரான்சைவிட்டு எடுத்துச் செல்ல அமைச்சகத்தின் சான்றிதழும் வேண்டும். எல்லாவற்றையும்விட, பாதரசம் கலந்து சூட்டில் பூசிய அந்தக் கால முலாமை மின்முலாமால் மூடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கைமாறிய வரலாறு ஆவணங்களோடு இருந்து, வாங்குபவர் அதைப் பாதுகாக்கவே நினைத்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. தினசரித் திருப்பலிக்கு இது வேண்டாம்.

## ஒப்பந்தத்துக்குப் பிந்தியது (1802–1840)

1801-இல் நெப்போலியன் திருத்தந்தையோடு ஒப்பந்தம் செய்தபின் கோவில்கள் மறுபடி திறந்தன. பாத்திரங்கள் பெரும்பாலும் மிச்சமில்லாததால் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் தேவை எழுந்தது. தட்டிச் செய்ய நேரமில்லை. மெல்லிய வெள்ளித் தகட்டை எஃகு அச்சில் அழுத்தி உருவங்களை எடுத்தார்கள். இந்தக் காலத்தில் முன்னணியில் இருந்தவர் ழான்-ஷார்ல் காயே. 1825-இல் பத்தாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டுக்கு அவர் செய்த பாத்திரங்கள் ரெய்ம்ஸ் நகரின் தோ அரண்மனைச் சேகரிப்பில் இருக்கின்றன.

பாதத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று புண்ணியங்களும் பெண் உருவில் அமர்ந்திருப்பது இந்த வகையின் கையெழுத்து. சிலுவையோடு ஒருத்தி, நங்கூரத்தோடு ஒருத்தி, குழந்தைகளை அணைத்தபடி ஒருத்தி. வெளிக்கூட்டில் கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, நாணல். சில கிண்ணங்களில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளை ஊட்டும் பெலிக்கனும், ஏழு முத்திரையிட்ட ஏட்டின்மேல் படுத்த செம்மறியும் வரும். அப்பமும் இரசமும் ஆகும் இரண்டு விளைச்சல்களையும், ஏளனத்துக்காக ஆண்டவர் கையில் திணித்த நாணலையும் ஒரே மாலையாகப் பின்னியிருப்பதை நெருங்கிப் பாருங்கள். இவ்வளவு சொல்லும் அலங்காரம் இந்த விலையில் வேறு எந்த வகையிலும் கிடைக்காது.

குறை தகட்டின் மெல்லிசுதான். துடைத்துத் துடைத்து உருவங்களின் மூக்கும் முழங்காலும் தேய்ந்து ஓட்டை விழும். உள்ளிருந்து ஈயம் ஊற்றி அடைத்தவை நிறைய உண்டு, அதனால் பாதத்தின் உள்பக்கத்தை விளக்கு வைத்துப் பாருங்கள். உருவங்கள் கூர்மையாக இருந்து, ஓட்டையும் இல்லை என்றால், பெருவிழாக்களுக்கு மட்டும் எடுக்கும் கிண்ணமாக இதை மனதாரச் சிபாரிசு செய்வேன்.

## எனாமலும் கல்லும் பதித்த கோதிக் பாணி (1845–1910)

ஏலத்தில் எல்லோரையும் இழுப்பது இதுதான், இழுக்கக் காரணமும் இருக்கிறது. பாரிஸில் பிளாசிட் புசியெல்க்-ருசான் (1824–1889), லியோனில் தோமா-ஜோசப் அர்மான்-கலியா (1822–1901) இருவரும் இந்தப் பாணியின் பெரிய பெயர்கள். கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுக் வரைந்து கொடுத்த வடிவில் 1862-இல் பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தில் இயேசுவின் முள்முடிக்கான பேழையைச் செய்தவர் புசியெல்க்-ருசான்தான்.

இவர்கள் இடைக்காலத்துக்குத் திரும்பிப் போனார்கள். கிண்ணம் உயரம் குறைந்து, பாதம் அகன்று, இதழ் இதழாகப் பிரிந்தது. குமிழில் கம்பிவேலை, பாதத்தில் எனாமல் வட்டங்கள், நடுவே கார்னெட், அமெதிஸ்ட் போன்ற கற்கள், விளிம்பைச் சுற்றி இலத்தீன் எழுத்து. பெரும்பாலும் மீட்பின் கிண்ணத்தை எடுத்து ஆண்டவர் பெயரைத் தொழுவேன் என்ற 116-ஆம் திருப்பாடல் வரி. அர்மான்-கலியா பட்டறையின் கிண்ணங்களில் அலங்காரம் ஓர் இறையியல் பாடம்போல அடுக்கப்பட்டிருக்கும். பாதத்தில் பழைய ஏற்பாட்டு முன்னடையாளங்கள், மேலே அவற்றின் நிறைவேற்றம் என்று கண்ணை மேலே ஏற்றிக்கொண்டே போகும்.

இந்தக் காலக் கிண்ணங்களின் வயதைச் சித்திரங்களே காட்டிக்கொடுக்கும். லூர்து மாதா கெபியோடு இருந்தால் 1858-க்குப் பிந்தியது. புனித சூசையப்பருக்கு ஒரு வட்டம் முழுவதும் ஒதுக்கியிருந்தால், அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்த 1870-க்குப் பிந்தியதாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. திரு இருதயம் முன்னிலையில் இருந்தால், 1870 போர்த் தோல்விக்குப் பின் பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஆலயம் எழுப்ப நேர்ந்துகொண்ட தலைமுறையின் பக்தி அது. விற்பவர் சொல்லும் ஆண்டும் சித்திரம் சொல்லும் ஆண்டும் முரண்பட்டால் சித்திரத்தை நம்புங்கள்.

இன்னொன்றும் உண்டு, இது என்னை மிகவும் தொடுவது. தாய் தன் நிச்சயதார்த்த மோதிரத்தின் கல்லை மகனின் கிண்ணத்தில் பதிக்கக் கொடுப்பது பிரெஞ்சுக் குடும்பங்களில் இருந்த வழக்கம். மற்ற கற்களோடு ஒட்டாமல் ஒரு சிறிய வைரம் சிலுவையின் நடுவில் இருந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

சரி, செலவுக்கு வருவோம். உடைந்த எனாமலை அப்படியே திரும்பச் சுட முடியாது. நிறக் கலவையால் நிரப்பி ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். மறுமுலாம் பூச வேண்டுமென்றால் கற்களைக் கழற்றி மாட்ட வேண்டும், எனாமலை மறைத்துக் காக்க வேண்டும். சாதாரணக் கிண்ணத்துக்கு ஆகும் கூலி இங்கே பல மடங்காகும். அப்புறம், கோதிக் குமிழின் முனைகள் கையில் உறுத்தும். திருப்பலியில் விரல்கள் அந்தக் குமிழைத்தான் பிடித்திருக்கும், எனவே பெறப்போகிறவர் ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பட்டறை முத்திரை தெளிவாக இருந்து, எனாமல் முழுதாக இருந்து, உள்முலாமும் நன்றாக இருந்தால் காசுக்குத் தகும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விலகிவிடலாம்.

## வெள்ளிக் கிண்ணம், பித்தளைப் பாதம்

வியாபாரிகள் தாழ்ந்த குரலில் சொல்லும் வகை இது, எனக்கோ பெரிய மரியாதை உண்டு. இரசமும் அப்பமும் படும் கிண்ணமும் அப்பத்தட்டும் வெள்ளியில் இருந்தால் போதும் என்று ஏழைப் பங்குகளும் சாதாரணக் குடும்பங்களும் பாதத்தையும் குமிழையும் பித்தளையில் செய்து முலாம் பூசிக்கொண்டன. பெரிய பட்டறைகளே ஒரே வடிவத்தை முழு வெள்ளியிலும் இப்படியும் விற்றன. மினெர்வா முத்திரை கிண்ணத்தின் விளிம்பருகிலும் தட்டின் அடியிலும் மட்டும் இருக்கும்.

அலங்காரத்தில் பெரும்பாலும் கோதுமை, திராட்சை, சம்மனசுத் தலை, சிலுவை ஆகியவையே வரும். வார்ப்பு வேலை என்பதால் விளிம்புகள் சற்று மழுங்கலாக இருக்கும், ஆனால் தகட்டைப்போல ஓட்டை விழாது. கனமான பாதம் கிண்ணத்தைச் சாயவிடாது. உள்ளே மறுமுலாம் பூசினாலும் பழம்பொருள் மதிப்பு கெட்டதே என்று யாரும் வருந்தப்போவதில்லை.

ஏமாற்றம் நடப்பது பெயரில். கிண்ணத்தின் முத்திரையைக் காட்டி முழுவதையும் வெள்ளி என்று விற்பார்கள். மொத்த எடையை வெள்ளி விலையால் பெருக்குவார்கள். நட்டைக் கழற்றிக் கிண்ணத்தை மட்டும் எடைபோடுங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் வெளிமுலாமும் சேர்த்துப் பூச வேண்டியிருக்கும். தட்டு சேர்ந்து வருகிறதா என்பதும் முக்கியம், ஜோடி பிரிந்த தட்டுக்குப் பொருத்தம் தேடுவது அலைச்சல்.

## 1920-க்குப் பிந்தியது

ழான் புய்ஃபோர்கா (1897–1945) போன்றவர்களின் காலம். சித்திரங்கள் மறைந்து கூம்பும் வளையமும் சுத்தியல் தழும்பும் பேசத் தொடங்கின. பயன்படுத்தச் சுகமானவை, 1905 சட்டத்தால் வரும் தலைவலியும் பெரும்பாலும் இல்லை. ஆனால் தந்தக் குமிழ் உள்ளதை எல்லை தாண்டி எடுத்துச் செல்ல வனவிலங்கு வணிகச் சட்டங்கள் குறுக்கே நிற்கும். பழைய பக்திச் சித்திரங்களுக்காகத் தேடுகிறவருக்கு இது நிறைவு தராது.

## ஒரே பார்வையில்

| வகை | திருப்பலிப் பயன்பாடு | அலங்காரம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| புரட்சிக்கு முந்தியது | தவிர்ப்பது நல்லது | கையால் தட்டியது, பாடுகளின் அடையாளங்கள் | நிபுணர் கூலி, ஏற்றுமதிச் சான்று | ஆவணத்தோடு பாதுகாப்பவர் |
| 1802–1840 | பெருவிழாக்களுக்கு | மூன்று புண்ணியங்கள், பெலிக்கன், செம்மறி | மெல்லிய தகடு, ஈயப் பற்று | சித்திரங்களை விரும்புபவர் |
| கோதிக், எனாமல் | நிலை நன்றாக இருந்தால் | மிகச் செழிப்பு | எனாமல், கல், முலாம் கூலி | வசதியும் கவனமும் உள்ளவர் |
| வெள்ளி, பித்தளை | அன்றாடம் | எளிமை | பித்தளையை வெள்ளி விலைக்கு வாங்குவது | குருப்பட்டப் பரிசு |
| 1920-க்குப் பின் | அன்றாடம் | மிகக் குறைவு | தந்தம் இருந்தால் எல்லைச் சிக்கல் | நவீன வடிவம் பிடித்தவர் |

நற்கருணைப் பாத்திரம் தேடுவோருக்கும் இதே கணக்குதான். மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள். கதிர்ப்பாத்திரம் என்றால் நடுவில் அப்பம் வைக்கும் கண்ணாடிக் கூடு உண்டா, உங்கள் பங்கில் பயன்படுத்தும் பெரிய அப்பம் அதில் அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். உள்ளே அருளிக்கம் (புனிதரின் உடலின் அல்லது உடைமையின் துண்டு) வைத்து மெழுகு முத்திரை இட்டிருந்தால் அது வேறு வகைப் பாத்திரம். அருளிக்கத்தை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆவது விதி முற்றிலும் தடைசெய்கிறது.

## குருப்பட்டப் பரிசுக்கு

என்னைக் கேட்டால் கிண்ணமும் தட்டும் வெள்ளியாக உள்ள பித்தளைப் பாதக் கிண்ணம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால், எனாமல் இல்லாத முழு மினெர்வா வெள்ளிக் கிண்ணம். பட்டியலில் மிக அழகானது இதுவாக இருக்காது. ஆனால் புதுக் குருவானவர் தினமும் தயங்காமல் கையில் எடுப்பார். முலாமுக்குப் பயந்து பேழையில் பூட்டிவைக்கும் கிண்ணத்தைவிட இதுதான் பரிசின் நோக்கத்தை நிறைவேற்றும்.

விலையோடு மறுமுலாம் கூலியையும் சேர்த்தே வரவுசெலவு போடுங்கள். குருப்பட்டத் தேதிக்குப் பல மாதம் முன்பே வாங்கிவிடுங்கள், நல்ல முலாம் பட்டறைகளில் வரிசை நீளம். வாங்கிய கிண்ணத்தைக் குருவானவரிடம் கொடுத்து மறுபடி மந்திரிக்கச் சொல்வது முறை. பொது விற்பனைக்கு வந்த கிண்ணம் தன் அர்ச்சிப்பை இழக்கும் என்றே 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் வைத்திருந்தது. இன்றைய சட்டத்தின் 1171, 1269 விதிகளோ, தனியார் கையில் இருந்தாலும் புனிதப் பொருளை மரியாதையோடு நடத்த வேண்டும், உலகக் காரியங்களுக்குப் பயன்படுத்தக்கூடாது என்கின்றன. எனவே பூங்கொத்து வைக்கவோ விருந்து மேசையை அலங்கரிக்கவோ இதை வாங்காதீர்கள்.

பெயர் பொறிப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு முலாமுக்குக் கொடுங்கள். முலாம் பூசியபின் பொறித்தால் கோடு கோடாக அடி உலோகம் தெரியும். அடியில் முன்பு இருந்த குருவானவரின் பெயரைத் தேய்த்து எடுக்க வேண்டாம். தேய்த்தால் தகடு மெலியும், எங்கிருந்து வந்தது என்பதற்கான ஒரே சான்றும் போய்விடும். பாதத்தின் அடியில் இன்னொரு பெயருக்கும் தேதிக்கும் தாராளமாக இடம் இருக்கும்.